அரசாங்கக் கொள்கையை ஆராயும் பல்கலைக்கழக நிலையங்கள்: அவற்றை நடத்துவது யார்? அந்த நாற்காலி ஏன் முக்கியம்?

பிரிக்பீல்ட்ஸ், கேஎல் சென்ட்ரல் நிலையத்தில் இருந்து எல்ஆர்டி ஏறினால் பங்சார், அப்துல்லா ஹுக்கும், கெரிஞ்சி தாண்டி நான்காவது நிறுத்தம் யுனிவர்சிட்டி. அங்கே மலாயாப் பல்கலைக்கழகம். அதே சென்ட்ரலில் கொம்யூட்டர் எடுத்துத் தெற்கே போனால் யுகேஎம் என்ற பெயரிலேயே ஒரு நிலையம் வரும். அது பாங்கி, மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம். கிள்ளான் பக்கம் போகும் கொம்யூட்டரில் செத்தியா ஜெயாவில் இறங்கி பிஆர்டி பேருந்து பிடித்தால் பண்டார் சன்வே, சன்வே பல்கலைக்கழகம்.

மூன்று இடங்களிலும் மாணவர்கள் அதிகம் எட்டிப் பார்க்காத சில அலுவலகங்கள் உண்டு. வாசல் பலகையில் 'இன்ஸ்டிடியூட்' என்றோ 'புசாட்' என்றோ எழுதியிருக்கும். வறுமைக் கோடு எங்கே போட வேண்டும், தேர்தலில் மக்கள் என்ன நினைக்கிறார்கள், இனங்களுக்கு இடையே உறவு எப்படி இருக்கிறது, பி40 குடும்பங்களுக்கு என்ன உதவி போய்ச் சேர்கிறது என்றெல்லாம் இங்கேதான் கணக்குப் பார்க்கிறார்கள். அந்தக் கணக்கில் சில அமைச்சரவை மேசைக்குப் போகும், சில அலமாரிக்குப் போகும்.

சரி, இந்த நிலையங்களை நடத்துவது யார்? அவர்களை நியமிப்பது யார்? அவர்கள் சொல்வது ஆட்சியில் இருப்பவர்களுக்குப் பிடிக்காவிட்டால் என்ன நடக்கும்? கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் இந்தியர்களுக்கு இதில் என்ன இருக்கிறது?

சாரோங்கை எண்ணிய துணைவேந்தர்

இந்தத் துறையில் மலேசியாவில் எல்லாருக்கும் முன்னோடி என்றால் அரசப் பேராசிரியர் உங்கு அப்துல் அசிஸ்தான். 1922-ல் பிறந்தவர், 2020 டிசம்பர் 15-ஆம் தேதி 98 வயதில் காலமானார். 1968 முதல் 1988 வரை 20 ஆண்டுகள் மலாயாப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். அந்தப் பதவிக்கு வந்த முதல் மலேசியர் அவர்.

கிராமப்புற வறுமையை அளக்க அவர் கையாண்ட முறை இன்றும் பேசப்படுகிறது. வீட்டில் ஒரு வயதுக்கு மேற்பட்டவர்கள் எத்தனை பேர், சாரோங் எத்தனை? ஆளுக்கு ஒரு சாரோங்கூட இல்லை என்றால் அந்த வீடு வறுமையில் இருக்கிறது. வருமானத்தைக் கேட்டால் மறைப்பார்கள், அல்லது அவர்களுக்கே சரியாகத் தெரியாது. கொடியில் காயும் சாரோங் பொய் சொல்லாது. கேட்கச் சிரிப்பாக இருக்கலாம், ஆனால் ஒரு நல்ல ஆய்வாளர் எப்படி யோசிப்பார் என்பதற்கு இதைவிட எளிய உதாரணம் எனக்குத் தோன்றவில்லை.

அவர் ஆய்வோடு நிற்கவில்லை. ஹஜ் பயணத்துக்கு முஸ்லிம்கள் பணம் சேமிக்க ஒரு நிறுவனம் வேண்டும் என்று 1959-ல் அவர் எழுதிக் கொடுத்த திட்டம்தான் பின்னாளில் தாபோங் ஹாஜி ஆனது. கூட்டுறவு இயக்கமான அங்காசாவையும் நீண்ட காலம் வழிநடத்தினார். இன்று மலாயாப் பல்கலைக்கழகத்தில் அவர் பெயரிலேயே ஒரு மேம்பாட்டு ஆய்வு மையம் இருக்கிறது.

ஒன்றைக் கவனியுங்கள். அவர் துணைவேந்தராக இருந்துகொண்டே ஆய்வும் செய்தார், அரசாங்கத்துக்கு ஆலோசனையும் சொன்னார். இன்றைக்கு ஓர் ஆய்வு நிலைய இயக்குநருக்கு அந்த அளவு இடம் கிடையாது. ஏன் என்பது அடுத்து.

நாற்காலியைக் கொடுப்பது யார்?

அரசாங்கப் பல்கலைக்கழகங்கள் 1971-ஆம் ஆண்டு பல்கலைக்கழக, பல்கலைக்கழகக் கல்லூரிச் சட்டத்தின் கீழ் இயங்குகின்றன. சுருக்கமாக 'ஆக்கு' என்பார்கள். துணைவேந்தரை நியமிப்பது அமைச்சர். ஆய்வு நிலைய இயக்குநரை நியமிப்பது துணைவேந்தர். பொதுவாக இது சில ஆண்டுகளுக்கான பதவி. தவணை முடிந்தால் நீட்டிக்கலாம், நீட்டிக்காமலும் விடலாம். நீட்டிக்காததற்குக் காரணம் சொல்லவும் தேவையில்லை.

இயக்குநருக்குக் கீழே துணை இயக்குநர், நிரந்தர ஆய்வாளர்கள், ஒப்பந்த ஆய்வாளர்கள், ஆய்வு உதவியாளர்கள், அலுவலகப் பணியாளர்கள் இருப்பார்கள். களத்தில் இறங்கி வீடு வீடாகக் கதவைத் தட்டுவது பெரும்பாலும் ஆய்வு உதவியாளர்கள்தான். முதுகலை படிக்கும் பிள்ளைகள், கையில் ஒரு டேப்லெட், கழுத்தில் பல்கலைக்கழக அட்டை. இவர்களின் சம்பளம் ஓர் ஆய்வு மானியத்தோடு கட்டப்பட்டது. மானியம் முடிஞ்சா வேலையும் முடிஞ்சது.

இன்னொரு சட்டமும் இருக்கிறது, வெளியே பலருக்குத் தெரியாது. 2000-ஆம் ஆண்டு சட்டப்பூர்வ அமைப்புகள் (ஒழுங்கு, கூடுதல் கட்டணம்) சட்டம், அதாவது சட்டம் 605. அரசாங்கப் பல்கலைக்கழக விரிவுரையாளர்களும் இதன் கீழ்தான் வருகிறார்கள். பொதுவில் எதை, எப்படிப் பேசலாம் என்பதில் இது கட்டுப்பாடு விதிக்கிறது. வெளியுறவு பற்றி ஒரு ஆய்வாளர் தொலைக்காட்சியில் தாராளமாகப் பேசுவதையும், உள்நாட்டு விவகாரம் என்றதும் சொல்லைப் பொறுக்கி எடுத்துப் பேசுவதையும் நீங்கள் பார்த்திருக்கலாம். தயக்கத்துக்கு ஒரு காரணம் இதுதான்.

2014: தேர்தல் மையத்தில் என்ன நடந்தது?

மலாயாப் பல்கலைக்கழகத்தில் 'யுஎம்செடல்' என்றொரு மையம் உண்டு. ஜனநாயகம், தேர்தல் பற்றி ஆராய்வது. 2013 மே 5-ஆம் தேதி நடந்த 13-ஆவது பொதுத்தேர்தலுக்கு முன்பு அந்த மையம் மக்களிடம் கருத்துக் கணிப்பு எடுத்து வெளியிட்டது. ஆளும் கூட்டணிக்கும் எதிர்க்கட்சிக் கூட்டணிக்கும் போட்டி மிக நெருக்கம் என்று அந்தக் கணிப்புகள் காட்டின. அப்போது ஓர் அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் இருந்து அப்படி ஒரு தகவல் வந்தது பெரிய விஷயம்.

மையத்தின் இயக்குநர் பேராசிரியர் டத்தோ முகமட் ரெட்சுவான் ஒத்மான். வரலாற்று அறிஞர், கலை மற்றும் சமூக அறிவியல் புலத்தின் முதல்வராகவும் இருந்தவர். 2014 ஜூன் மாதம், அவர் மைய இயக்குநர் பதவியை விட வேண்டும் என்று அமைச்சுத் தரப்பில் இருந்து தகவல் வந்ததாகச் செய்தி வெளியானது. அப்போது உயர்கல்விக்குத் தனி அமைச்சு இல்லை. கல்வி அமைச்சின் கீழ்தான் இருந்தது. ரெட்சுவான் பல்கலைக்கழகத்தை விட்டே விலகினார். கல்வியாளர் சுதந்திரம் என்ன ஆவது என்று விரிவுரையாளர்களும் மாணவர்களும் குரல் கொடுத்தார்கள்.

அதே ஆண்டு செப்டம்பரில் அதே பல்கலைக்கழகத்தின் சட்டத்துறை இணைப்பேராசிரியர் அஸ்மி ஷாரோம் மீது தேச நிந்தனைக் குற்றச்சாட்டு சுமத்தப்பட்டது. பேராக், சிலாங்கூர் மந்திரி பெசார் நெருக்கடிகள் பற்றி அவர் சொன்ன சட்டக் கருத்துதான் காரணம். தேச நிந்தனைச் சட்டமே அரசியலமைப்புக்கு முரணானது என்று அவர் வழக்காடினார். கூட்டரசு நீதிமன்றம் 2015-ல் அதை ஏற்கவில்லை. ஆனால் 2016 பிப்ரவரியில் குற்றச்சாட்டு மீட்டுக்கொள்ளப்பட்டது.

பிறகு என்ன? ரெட்சுவான் சிலாங்கூர் மாநிலத்தைச் சார்ந்த டாருல் ஏசான் ஆய்வுக் கழகத்தை வழிநடத்தினார், யுனிசெல் எனப்படும் சிலாங்கூர் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பொறுப்புக்கும் வந்தார். அஸ்மி ஷாரோம் 2019-ல் தேர்தல் ஆணையத்தின் துணைத் தலைவர் ஆனார். யுஎம்செடல் மூடப்படவில்லை, தொடர்ந்து இயங்கியது.

இதைப் படித்துவிட்டு 'கடைசியில் எல்லாம் நல்லபடியா முடிஞ்சிருச்சே' என்று நினைக்கலாம். பெயர் பெற்ற பேராசிரியருக்கு இன்னொரு கதவு திறக்கும். அந்த மையத்தில் ஒப்பந்தத்தில் இருக்கும் இளம் ஆய்வாளருக்கு? அடுத்த கணிப்பில் எந்தக் கேள்வியைக் கேட்பது, எதை விடுவது என்று அவர் இரண்டு முறை யோசிப்பார். அந்த யோசனை எந்த அறிக்கையிலும் பதிவாகாது. எனக்கு அதுதான் பெரிய இழப்பாகப் படுகிறது.

கம்போங் மேடானும் ஒரு பாடநூலும்

இப்போது பாங்கிக்குப் போவோம். யுகேஎம் வளாகத்தில் 2007 அக்டோபர் 8-ஆம் தேதி 'கிதா' என்ற இன ஆய்வுக் கழகம் தொடங்கப்பட்டது. மலாயில் கிதா என்றால் 'நாம்', கேட்பவரையும் சேர்த்துச் சொல்லும் நாம். (தமிழில் 'நாங்கள்' வேறு, 'நாம்' வேறு என்ற அதே வித்தியாசம் மலாயிலும் உண்டு.) நிறுவன இயக்குநர் மானிடவியல் பேராசிரியர் ஷம்சுல் அம்ரி பஹாருடின். பல ஆண்டுகள் அவரே பொறுப்பில் இருந்தார்.

அவர் பெயர் இந்தியச் சமூகத்தில் அடிபட்டது அதற்கு முந்தைய ஆண்டு ஒரு பாடநூல் சர்ச்சையின்போது. 2001 மார்ச் மாதம் பெட்டாலிங் ஜெயா, கம்போங் மேடானில் நடந்த கலவரத்தில் 6 பேர் உயிரிழந்தார்கள். பலியானவர்களிலும் காயம்பட்டவர்களிலும் பெரும்பாலோர் இந்தியர்கள். அந்தக் காயம் ஆறாத நிலையில், 2006-ல் இன்னொரு அரசாங்கப் பல்கலைக்கழகத்தின் இன உறவுப் பாடத்துக்கான வழிகாட்டி நூல், அந்தச் சம்பவத்துக்கு இந்திய இளைஞர்கள்மீது பழி போடும் வகையில் எழுதியது. 1969 மே 13 பற்றிய பகுதியும் சர்ச்சையானது. நாடாளுமன்றம்வரை விவகாரம் போனது. அந்த ஆண்டு ஜூலையில் அமைச்சரவை நூலை மீட்டுக்கொள்ள முடிவு செய்தது.

புதிய பாடத் தொகுப்பை எழுதும் குழுவுக்கு ஷம்சுல் தலைமை தாங்கினார். 2007-ல் அது அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கு வந்தது. அடையாளம் என்பது இரண்டு இடத்தில் உருவாகிறது என்பது அவருடைய நெடுநாள் வாதம். ஒன்று, அதிகாரத்தில் இருப்பவர்கள் பாரத்தில் போடும் கட்டம்: மலாய்க்காரர், சீனர், இந்தியர், மற்றவர். இன்னொன்று, மக்கள் அன்றாடம் வாழும் வாழ்க்கை. கிள்ளான் லிட்டில் இந்தியாவில் கடை வைத்திருப்பவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தீபாவளிக்கு முந்தைய வாரம் யார் யார் கடைக்கு வருகிறார்கள் என்று அவருக்கே தெரியும்.

ஒரு நூலை எழுதும் குழுவில் யார் உட்காருகிறார்கள் என்பதற்கு எவ்வளவு எடை இருக்கிறது என்பதை அந்தச் சர்ச்சை காட்டியது. முதல் நூலும் பல்கலைக்கழகத்தில் இருந்துதான் வந்தது. இரண்டாவதும் அப்படித்தான்.

கிதா தொடங்கிய அடுத்த மாதம், 2007 நவம்பர் 25-ஆம் தேதி, கோலாலம்பூர் சாலைகளில் ஹிண்ட்ராஃப் பேரணி நடந்தது. இந்திய ஏழைகளின் நிலை அதுவரை இல்லாத அளவுக்குப் பேசப்பட்டது. அந்தக் காலத்தில் கிதாவுக்கு முதன்மை ஆய்வாளராக வந்தவர் டத்தோ டெனிசன் ஜெயசூரியா. அவர் வெறும் ஏட்டு ஆய்வாளர் அல்ல. அதற்கு முன் ம.இ.கா. உருவாக்கிய சமூக வியூக அறவாரியமான ஒய்எஸ்எஸ்-ஐ நடத்தியவர், சுஹாகாம் மனித உரிமை ஆணையராக இருந்தவர். 2019-க்குப் பிறகு, நீடித்த மேம்பாட்டு இலக்குகளுக்கான அனைத்துக் கட்சி நாடாளுமன்றக் குழுவின் செயலகத்துக்குத் தலைமை தாங்கினார். அந்தக் குழு 2020-ல் 10 நாடாளுமன்றத் தொகுதிகளில் தன் வேலையைத் தொடங்கியது. தொகுதிக்குப் போய், மக்களிடம் பிரச்சனையைக் கேட்டு, சிறு திட்டங்களாகத் தீர்ப்பது அதன் முறை. இந்த நிலையங்களில் இப்படிக் களத்தில் இருந்து வந்தவர்கள் குறைவு. பெரும்பாலோர் விரிவுரை மண்டபத்தில் இருந்து வருகிறவர்கள்.

சராசரிக்குள் காணாமல் போகிறவர்கள்

'நம்ம ஆளுங்க நல்லாத்தானே இருக்காங்க, புள்ளிவிவரம் சொல்லுதே' என்று சிலர் சொல்வார்கள். அந்தப் புள்ளிவிவரத்தை ஒரு தடவை பார்த்துவிடுவோம்.

2019-ஆம் ஆண்டுக் குடும்ப வருமான ஆய்வின்படி இந்தியக் குடும்பங்களின் சராசரி மாத வருமானம் 8,216 ரிங்கிட். ஆனால் நடுநிலை வருமானம் 5,981 ரிங்கிட்தான். நடுநிலை என்றால், எல்லாக் குடும்பங்களையும் வருமான வரிசையில் நிறுத்தினால் நட்டநடுவில் நிற்கும் குடும்பம். இரண்டுக்கும் இடையே 2,200 ரிங்கிட்டுக்கு மேல் இடைவெளி. பங்சாரில் இருக்கும் மருத்துவர், வழக்கறிஞர் குடும்பங்கள் சராசரியை மேலே இழுக்கின்றன. தோட்டம் துண்டாடப்பட்டு கிள்ளான், காப்பார் பக்கம் மலிவு விலை அடுக்குமாடிக்கு வந்த குடும்பம் அந்தச் சராசரிக்குள் காணாமல் போகிறது. 2020 கணக்கெடுப்பின்படி நாட்டின் குடிமக்களில் இந்தியர்கள் ஏறக்குறைய 6.7 விழுக்காடுதான். நாடு முழுவதற்கும் எடுக்கும் ஒரு மாதிரி ஆய்வில், ஏழை இந்தியக் குடும்பங்கள் என்று தனியே பிரித்தால் கையில் மிஞ்சும் எண்ணிக்கை இன்னும் சிறியது. அதனால்தான் தனி ஆய்வு தேவைப்படுகிறது. அதை யாராவது கேட்டு வாங்க வேண்டும்.

வறுமைக் கோட்டின் கதையும் இதேதான். 2016-ல் நாட்டின் முழு வறுமை விகிதம் 0.4 விழுக்காடு என்று அரசாங்கம் சொன்னது. மாதம் 980 ரிங்கிட் என்ற கோட்டை வைத்துப் போட்ட கணக்கு அது. கோலாலம்பூரில் நான்கு பேர் உள்ள குடும்பம் 980 ரிங்கிட்டில் எப்படி வாழும் என்று ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகக் கேட்டு வந்தார்கள். 2019 ஆகஸ்டில் ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பிலிப் அல்ஸ்டன் மலேசியா வந்து, இந்தக் கோடு யதார்த்தத்துக்குப் பொருந்தாது என்று வெளிப்படையாகச் சொன்னார். அரசாங்கம் முதலில் மறுத்தது. அடுத்த ஆண்டு ஜூலையில் கோடு 2,208 ரிங்கிட்டாகத் திருத்தப்பட்டது. புதிய கோட்டின்படி 2019-ன் வறுமை விகிதம் 5.6 விழுக்காடு.

உள்ளூர் ஆய்வுகளில் அதிகம் பேசப்பட்டது யுனிசெஃப் 2018-ல் வெளியிட்டது. கோலாலம்பூர், பெட்டாலிங் ஜெயா மலிவு விலை அடுக்குமாடிகள் 17-ல், 966 குடும்பங்களிடம் எடுத்த ஆய்வு. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 22 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் என்று தெரியவந்தது. தலைநகரில், இரட்டைக் கோபுரம் தெரியும் தூரத்தில். அந்த ஆய்வை நடத்தியது பல்கலைக்கழகம் அல்ல. பொருளாதார அறிஞர் முகமட் அப்துல் காலிட்டின் டிஎம் அனாலிட்டிக்ஸ் என்ற தனியார் நிறுவனம். அவர் அதே ஆண்டு பிரதமரின் பொருளாதார ஆலோசகர் ஆனார், பிறகு யுகேஎம்மின் இக்மாஸ் ஆய்வுக் கழகத்தில் ஆய்வாளரானார். தனியார் நிறுவனம், பிரதமர் அலுவலகம், பல்கலைக்கழகம் என்று ஒரே ஆள் மாறி மாறி உட்காருவது இந்தச் சிறிய உலகில் வழக்கம்தான். நல்லதா கெட்டதா என்பது, அவர் எந்த நாற்காலியில் இருந்தபோது என்ன சொன்னார் என்பதைப் பொறுத்தது.

பணம் எங்கிருந்து வருகிறது?

அரசாங்கப் பல்கலைக்கழக நிலையங்களுக்கு மூன்று நான்கு வழிகள். பல்கலைக்கழகத்தின் சொந்த ஒதுக்கீடு, உயர்கல்வி அமைச்சின் எஃப்ஆர்ஜிஎஸ் போன்ற ஆய்வு மானியங்கள், அமைச்சுகளும் முகமைகளும் காசு கொடுத்துச் செய்யச் சொல்லும் ஆய்வுகள், வெளிநாட்டு அறக்கட்டளைகள்.

இதில் மூன்றாவதுதான் சிக்கல். காசு கொடுத்தவருக்கே அறிக்கை சொந்தம். வெளியிடுவதும் வெளியிடாததும் அவர் விருப்பம். உங்கள் வீட்டில் வந்து கேள்வி கேட்டு எழுதிய ஆய்வின் முடிவை நீங்களே பார்க்க முடியாமல் போகலாம். கூட்டரசு அளவில் தகவல் பெறும் உரிமைச் சட்டம் இல்லாமலேயே பல்லாண்டு ஓடிவிட்டது. சிலாங்கூரும் பினாங்கும் மாநில அளவில் அப்படிச் சட்டம் வைத்திருக்கின்றன, ஆனால் அது மாநில அரசாங்கத் தகவலுக்கு மட்டும்.

தனியார் பக்கம் வேறு மாதிரி. சன்வேயில் ஜெஃப்ரி சியா தென்கிழக்காசிய ஆய்வுக் கழகம் 2014-ல் வந்தது. 2016-ல் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜெஃப்ரி சாக்ஸ் பெயரில் நீடித்த மேம்பாட்டு மையம் அமைக்க ஜெஃப்ரி சியா அறவாரியம் 1 கோடி அமெரிக்க டாலர் கொடுத்தது. அங்கே இயக்குநரின் நாற்காலி அமைச்சரைச் சார்ந்தது இல்லை. ஆனால் கொடையாளரைச் சார்ந்தது. நில மேம்பாட்டு நிறுவனத்தின் அறவாரியம் நடத்தும் பல்கலைக்கழகத்தில் வீட்டு விலை பற்றி எவ்வளவு காரமாக எழுத முடியும் என்று ஒருவர் கேட்டால், அது நியாயமான கேள்விதான். அமைச்சின் காசில் நடக்கும் நிலையத்தைப் பார்த்தும் அதே கேள்வியைக் கேட்க வேண்டும்.

இந்தியச் சமூகத்துக்கு மித்ரா வழியாக ஆண்டுக்கு 10 கோடி ரிங்கிட் ஒதுக்கப்படுகிறது. 2017 ஏப்ரல் 23-ஆம் தேதி வெளியிடப்பட்ட மலேசிய இந்தியர் பெருந்திட்டம் பத்தாண்டுக்கானது. இந்தப் பணம் யாருக்குப் போனது, என்ன மாறியது என்று அரசியல் மேடைகளில் நிறையப் பேசுகிறோம். மித்ராவும் அமைச்சுக்கு அமைச்சு மாற்றப்பட்டுக்கொண்டே வந்திருக்கிறது. ஒரு பல்கலைக்கழக நிலையம் ஆண்டுதோறும் அதே குடும்பங்களைத் தொடர்ந்து பார்த்து, முடிவைப் பொதுவில் வைத்தால் அந்தப் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

அறிக்கை எந்த மொழியில்?

ஆய்வாளர்களின் பதவி உயர்வு பெரும்பாலும் ஸ்கோபஸ் பட்டியலில் உள்ள ஆய்விதழ்களில் எத்தனை கட்டுரை வந்தது என்பதைப் பொறுத்தது. அதனால் முடிவுகள் ஆங்கிலத்தில் போகின்றன, கொஞ்சம் மலாயில். தமிழில் சுருக்கம்கூட வருவது அபூர்வம். மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை இருக்கிறது. தனிநாயகம் அடிகள் 1960-களில் தலைமை தாங்கிய துறை, 1966-ல் முதல் உலகத் தமிழ் மாநாடு நடக்கக் காரணமாக இருந்த துறை. அதே வளாகத்தில் எழுதப்படும் வறுமை ஆய்வின் பத்துப் பக்கச் சுருக்கத்தைத் தமிழில் கொண்டுவருவது அவ்வளவு கடினமான வேலையா என்று கேட்கத் தோன்றுகிறது.

உங்கள் வீட்டுக் கதவைத் தட்டினால்?

கெரிஞ்சி பிபிஆரிலோ கிள்ளானிலோ இருந்தால், என்றாவது ஓர் ஆய்வு உதவியாளர் உங்கள் வீட்டுக்கும் வரலாம். பதில் சொல்வது கட்டாயம் இல்லை. பல்கலைக்கழக ஆய்வு என்றால் முதலில் ஒரு சம்மதப் படிவம் காட்ட வேண்டும், அதில் ஆய்வு நெறிமுறைக் குழுவின் அனுமதி பற்றிக் குறிப்பிட்டிருக்கும். நடுவில் நிறுத்திக்கொள்ளும் உரிமையும் உங்களுக்கு உண்டு. ஐசி எண், வங்கிக் கணக்கு எண் கேட்டால் ஏன் என்று கேளுங்கள். கருத்துக் கணிப்புக்கு அவை பொதுவாகத் தேவைப்படாது.

'இதுக்கு யார் காசு குடுக்குறாங்க? முடிவு வந்தா எங்களுக்குக் காட்டுவீங்களா?' இந்த இரண்டையும் கேளுங்கள். வாசலில் நிற்கும் பிள்ளைக்குப் பதில் தெரியாமல் இருக்கலாம், அது அவர் தப்பு இல்லை. படிவத்தின் கீழே முதன்மை ஆய்வாளரின் பெயரும் தொலைபேசி எண்ணும் இருக்கும். அந்த எண்ணுக்கு அழைக்கலாம்.